உப்புக் காற்றில் ஓடிய கார்: குறைகளும் கிரயமும்

பாவித்த காரொன்றை வாங்கும் எண்ணத்தோடு திருகோணமலையிலே விசாரிக்கத் தொடங்குகிறவர்கள் சாதாரணமாக எஞ்சினின் சப்தத்தை முதலிற் கேட்பார்கள். பின்பு ஏசியை முடுக்கிப் பார்ப்பார்கள். மீற்றரில் எத்தனை கிலோமீற்றர் ஓடியிருக்கிறதென்று குனிந்து நோக்குவார்கள். இவ்வளவும் திருப்தியாக இருந்தால் விலைபேச இறங்கிவிடுவார்கள். மலைநாட்டிலோ அநுராதபுரத்திலோ இந்த வரிசை பெரிய நஷ்டத்தைத் தராது. அலையும் குடாவும் சூழ்ந்த இந்தத் துறைமுகப் பிரதேசத்திலோ பரிசோதனை காரின் அடிப்பாகத்திலிருந்துதான் ஆரம்பமாக வேண்டும். எஞ்சின் கெட்டால் ஜப்பானில் ஓடிக் கழற்றப்பட்டு வந்த வேறோர் எஞ்சினைப் பூட்டலாம். கியர்பெட்டிக்கும் அவ்வாறே மாற்று உண்டு. உப்புத் தின்ற உடலுக்கு மாற்று உடல் கிடையாது. இந்த அத்தியாயத்திற் சொல்லப்படும் மற்ற யாவும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே நிற்கின்றன.

நம் வீதிகளிற் கைமாறும் சிறிய செடான் கார்களுள் பெரும்பாலானவை சில வகைகளுக்குள் அடங்கிவிடும். 2000ஆம் ஆண்டில் ஜப்பானில் வெளிவந்த ஒன்பதாந் தலைமுறை டொயோட்டா கொரோலாவை இங்கு எவரும் முழுப் பெயரால் அழைப்பதில்லை. 121 என்றாற் போதும். நிசான் சன்னியில் எஃப்.பி. 15உம் என். 16உம் பிரசித்தமானவை. 2006இல் வந்த கொரோலா அக்சியோ இவற்றைவிடப் புதியது. அதற்கும் பின்வந்த ஹைபிரிட் வண்டிகள் தனி வகையாகக் கருதத்தக்கவை. வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டுத் தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறக்கப்பட்டமையாலும், திறந்த பின்னரும் வரி பெரும் பாரமாக இருப்பதாலும், இருபது வயது கடந்த 121 ஒன்றுகூட ஐம்பது இலட்சம் ரூபாயைச் சுற்றியும் அதற்கு மேலும் விலை பெறும் காலம் இது. அத்துடன் உதிரிப்பாகங்கள் அனைத்தும் டொலரைத் தொடர்ந்து செல்பவை. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக நின்ற டொலர் மே மாதத்துக்குள் 350 ரூபாயைத் தாண்டியபோது ஏறிய விலைகள், டொலர் 300ஐச் சுற்றித் தணிந்த பின்னரும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

விலைகள் இவ்வாறு அசைந்துகொண்டே இருக்கையில், ஒவ்வொரு பாகத்துக்கும் ரூபாய்க் கணக்கு எழுதிவைத்தால் புத்தகம் அச்சேறி முடிவதற்குள் அது பிரயோஜனமற்றுப் போகும். ஆகவே குறைகளை அவற்றின் செலவு எந்த நிலையில் நிற்கிறதோ அதைக் கொண்டு பிரித்தறிவதே நிலையான உபாயம் என்று கருதுகிறேன். சில குறைகள் ஆயிரக் கணக்கில் முடியும். சில பத்தாயிரக் கணக்கை எட்டும். சில இலட்சத்துக்குப் போகும். விற்பவர் ஒரு குறையைச் சிறியதென்று சொல்லும்போது, அது இம்மூன்றில் எந்த நிலைக்குரியது என்பதை வாங்குபவர் மனத்தில் உடனே நிறுத்திப் பார்க்கத் தெரிந்துவிட்டால், பேரத்தில் அவர் ஏமாற இடமில்லை.

இனி உப்பின் காரியத்தைப் பார்ப்போம். அலை உடையும் இடத்திலே நுண்ணிய துளிகளாக எழும் கடல்நீர் காற்றோடு கரையேறி இரும்பின்மேற் படிகிறது. திறந்த கடலை நோக்கியிருக்கும் டச்சுக் குடாவும் பின்குடாவும் வாடைக் காற்றை நேரே ஏற்பவை. உப்புவெளி, நிலாவெளி முதலிய வடகரை ஊர்களும் அப்படியே. உட்துறைமுகமோ மலைகளால் மறைக்கப்பட்டு அலை அடங்கிய நீர்நிலையாதலின், அதன் கரையில் நின்ற வண்டிக்கும் நிலாவெளிக் கடற்கரை விடுதியொன்றின் முற்றத்தில் நின்ற வண்டிக்கும், இரண்டும் ஒரே ஊர்க் கார்களே என்றாலும், அடித்தகட்டில் மிகுந்த பேதம் காணப்படும். பலர் மழைக்காலத்திலேதான் துரு பிடிக்கும் என்று எண்ணியிருக்கிறார்கள். அது முழு உண்மையன்று. கறியுப்புக்குக் காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ நூற்றுக்கு 75 ஆனவுடனே அந்த ஈரத்தைத் தானே உறிஞ்சி நீராகும் இயல்பு உண்டு. கடலுப்பிற் கலந்துள்ள மக்னீசியக் குளோரைட்டோ அதில் பாதிக்கும் குறைவான ஈரத்திலேயே கசியத் தொடங்கிவிடும். எனவே கச்சான் காற்று வீசும் மாதங்களில், மழைத்துளி ஒன்றும் விழாமற் பகலெல்லாம் வண்டி காய்ந்து கிடந்தாலும், இரவின் ஈரத்தில் அதன் அடியிற் படிந்த உப்பு நனைந்து தகட்டை அரித்துக்கொண்டே இருக்கிறது. வாடை மழையாவது வெளித்தகட்டைக் கழுவிவிடும். கச்சான் காலத்து உப்பைக் கழுவ எவரும் இல்லை.

இந்தத் துருவைத் தேடிக் காண்பதற்குக் காரை ஹொயிஸ்ட் உள்ள ஒரு சேர்விஸ் நிலையத்துக்குக் கொண்டுபோவது அவசியம். நிலத்தில் முழங்காலூன்றி எட்டிப் பார்ப்பது போதாது. கதவுகளின் கீழே முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையே ஓடும் உட்கூடான கீழ்ச்சட்டந்தான் முதலிற் பார்க்கத்தக்கது. அதன் அடியில் நீர் வடிவதற்காக விடப்பட்ட சிறு துவாரங்கள் மண்ணால் அடைபட்டிருந்தால் உள்ளே நீர் தேங்கியிருக்கும் என்று கொள்ளலாம். ஸ்குரூ டிரைவரின் பிடியால் அச்சட்டத்தின் நீளம் முழுவதையும் மெதுவாகத் தட்டிச் செல்லுங்கள். உறுதியான தகடு ஒரே சுருதியில் ஒலிக்கும், அரிக்கப்பட்ட இடம் வந்தவுடன் சப்தம் மந்தமாகிப் பொருக்குகள் உதிரும். பின்பு டிக்கியின் விரிப்பை நீக்கி உபரிச் சில்லு கிடக்கும் குழியைப் பாருங்கள். பின்விளக்குகளின் ரப்பர் காய்ந்து வெடித்தபின் மழைநீர் அங்கேதான் வந்து தேங்கும். சில்லுகளை மூடும் வளைவின் உள்விளிம்பு, கதவுகளின் அடிமடிப்பு, ரேடியேற்றரைத் தாங்கும் முன்சட்டம், பெற்றோல் தாங்கியைக் கட்டியிருக்கும் பட்டைகள் ஆகியவற்றையும் விட்டுவிடலாகாது. எல்லாவற்றிலும் முக்கியமானவை இரண்டு: எஞ்சினைத் தாங்கும் குறுக்குச் சட்டமும், முன் ஷொக் அப்சோபரின் தலை வந்து பொருந்தும் இடமும். இவ்விரண்டிலும் துரு துவாரமாகிவிட்டிருந்தால் அந்தக் காரை எந்த விலைக்கும் வாங்கலாகாது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

விற்பனைக்கு முன் அடிப்பாகம் முழுவதுக்கும் கறுப்பு அண்டர்கோட் அடித்துவைப்பது இங்கு வழக்கமாகிவிட்டது. துரு பிடிக்காத தகட்டின்மேல் அடிக்கப்பட்டால் அது நல்ல கவசம். துருவின்மேல் அடிக்கப்பட்டாலோ ஈரத்தை உள்ளே அடைத்துவைத்துக் கேட்டை விரைவுபடுத்தும். புதிதாகப் பளபளக்கும் அடிப்பாகத்தைக் கண்டால் மகிழாமல் இன்னும் நிதானமாகத் தட்டிப் பாருங்கள். வெளித்தகட்டில் துவாரத்தை அடைத்துப் பட்டி பூசிப் பெயின்ட் அடித்திருக்கிறார்களா என்பதை அறிய, மெல்லிய துணியிற் சுற்றிய சிறு காந்தமே போதும். இரும்பில் ஒட்டும் காந்தம் தடித்த பட்டியின்மேல் வழுகி விழுந்துவிடும்.

செலவைப் பற்றிச் சொல்லுமிடத்து, மேற்பரப்பிலே தோன்றிய துருவைச் சுரண்டிப் பிரைமர் இட்டு அடைப்பது ஆயிரக் கணக்கில் அடங்கும். கீழ்ச்சட்டத்தின் ஒரு பகுதியை வெட்டியெடுத்துப் புதுத் தகட்டை வெல்டிங் செய்வது பத்தாயிரக் கணக்கு; இதில் தகட்டின் கிரயம் அற்பமே, நல்ல டிங்கர் வேலைக்காரரின் நாட்கூலியும் பின்வரும் பெயின்ட்டும்தான் தொகையை ஏற்றுகின்றன. நான்கு பக்கமும் தொடங்கிவிட்ட துருவுக்கு முழு உடல் வேலை செய்வதானால் இலட்சங்கள் செலவாகும். அப்படிச் செய்தும், பழைய தகடும் புதுத் தகடும் சேரும் மடிப்பில் மெழுகெண்ணெய் செலுத்தாவிடின் சில ஆண்டுகளுக்குள் துரு திரும்ப வரும். இத்தகைய வண்டியை மலிவென்று வாங்குகிறவர் உண்மையில் ஒரு காருக்கு இருமுறை விலை கொடுக்கிறார்.

உப்பு உயிருக்கு ஆபத்தாக முடியும் இடம் பிரேக். அடித்தகட்டை ஒட்டிப் பின்னோக்கி ஓடும் மெல்லிய இரும்புக் குழாய்களிலேதான் பிரேக் எண்ணெயின் அழுத்தம் முழுவதும் நிற்கிறது. அவற்றை இறுக்கிப் பிடிக்கும் கிளிப்புகளின் கீழே மண்ணும் உப்பும் தங்கி அரித்துவிட, ஒரு நாள் அவசரமாக மிதிக்கும்போது குழாய் வெடிக்கும். குழாயை மாற்றுவது ஆயிரக் கணக்கிலோ குறைந்த பத்தாயிரக் கணக்கிலோ முடிந்துவிடும் வேலை. அதைத் தள்ளிப்போடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. பின்சில்லு டிரம்முக்குள் இருக்கும் சிலிண்டர் இறுகிப்போவதும், ஹான்ட்பிரேக் கேபிள் துருவேறி விடுபடாமல் நிற்பதும் நம்மூர்க் கார்களில் சர்வ சாதாரணம். 2022இல் எரிபொருள் இல்லாமல் மாதக்கணக்கில் ஓடாது நின்ற வண்டிகள் பலவற்றில் இக்குறைகள் ஆரம்பித்தன. பிரேக் எண்ணெய்க்குக் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டாகையால் இரண்டாண்டுக்கு ஒருமுறையேனும் அதை மாற்றுவது நன்று. செலவு அற்பம், பிரயோஜனம் பெரிது.

ரேடியேற்றரின் விஷயத்திலே நம் பிரதேசத்துக்கென்று ஒரு தனித் துரதிர்ஷ்டம் இருக்கிறது. கரையோரக் கிணறுகள் பலவற்றின் தண்ணீர் உவர். வழியிலே சூடேறிவிட்டதென்று அந்தத் தண்ணீரை வாளியால் அள்ளி ஊற்றுவதும், பின்பு அதையே வழக்கமாக்கிக்கொள்வதும், அலுமினிய எஞ்சினுக்கு உள்ளிருந்து செய்யும் பெருங்கேடு. மூடியை, எஞ்சின் ஆறியிருக்கும்போது மாத்திரம், திறந்து பாருங்கள். பச்சை அல்லது சிவப்பு நிறக் கூலன்ட் தெளிவாக இருக்க வேண்டும். துருநிறத் தண்ணீர் தெரிந்தால் உடைமையாளரின் பராமரிப்பைப் பற்றி வேறு சாட்சி வேண்டியதில்லை. தேர்மோஸ்டற்றைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டும் பழக்கமும் இங்குண்டு. அதனால் எஞ்சின் தன் உரிய உஷ்ணத்தை அடைய நெடுநேரமாகிப் பெற்றோல் வீணாவதுடன், மூலக் காரணமான ரேடியேற்றர் அடைப்பு மறைந்தே நிற்கிறது. ரேடியேற்றரை மாற்றுவது பத்தாயிரக் கணக்கு. அதைச் செய்யாமல் ஓட்டிச் சூடேறி ஹெட் வளைந்து காஸ்கற் போய்விட்டாலோ ஒரு இலட்சத்தை நோக்கிப் போவீர்கள்.

121இன் 1497 சி.சி. எஞ்சின் பொதுவாகத் தீர்க்காயுசு உள்ளது. அதில் ரைமிங் பெல்ட் இல்லை, சங்கிலியே உண்டு. எண்ணெய் மட்டத்தையும் தூய்மையையும் காத்தால் அச்சங்கிலி நெடுங்காலம் உழைக்கும். வயதான எஞ்சின் எண்ணெய் குடிப்பதே அதன் பிரதான குறை. காலையில் முதன்முறை ஸ்டார்ட் செய்யும்போது பின்னால் ஒருவரை நிறுத்தி நீலப்புகை வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இதற்காகவே, விற்பவர் முன்கூட்டி எஞ்சினைச் சூடாக்கிவைத்திருந்தால் அன்றைக்குத் திரும்பி வந்து இன்னொரு நாட் காலையிற் போவது புத்தி. இந்த எஞ்சினின் அலுமினியக் கட்டையிற் பதிந்துள்ள உருளைச் சுவர்கள் மிக மெல்லியவை. பழைய கார்களுக்குச் செய்ததுபோற் கடைந்து பெரிதாக்கும் வேலை இதற்குப் பொருந்தாது. ஆகவே தேய்ந்த எஞ்சினுக்கு மாற்று எஞ்சினே வழி என்றாகிறது, அது இலட்சக் கணக்கு. மாற்றியவர் புதிய எஞ்சின் இலக்கத்தை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்திற் பதிந்திருக்கிறாரா என்பதையும் பதிவுச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பார்ப்பது கட்டாயம். இலக்கம் பொருந்தாத வண்டிக்கு முற்பணம் கொடுக்கலாகாது.

எஃப்.பி. 15, என். 16 சன்னிகளின் பெற்றோல் எஞ்சினில் விசேஷமாக எதிர்பார்க்க வேண்டியது சங்கிலித் தளர்ச்சி. குளிர்ந்த எஞ்சினை முடுக்கியவுடன் முன்புறத்தில் ஒரு கரகரப்பு எழுந்து, எண்ணெய் ஏறியபின் அடங்கினாலும், பொருட்படுத்தாமல் விடக்கூடாது. சங்கிலித் தொகுதியை மாற்றும் பத்தாயிரக் கணக்கை விலையிற் கழித்துக் கேளுங்கள். ஓடிக்கொண்டிருக்கையிலேயே காரணமின்றி எஞ்சின் நின்றுவிட்டுச் சிறிது ஆறியபின் மறுபடி ஸ்டார்ட் ஆகுமானால், கிராங் அல்லது காம் சென்சர் பழுதாகியிருக்கக்கூடும். இது சிறிய செலவே. காரணம் அறியாத கராஜில் அகப்பட்டால் பெற்றோல் பம்ப், கொயில், பிளக் என்று ஒவ்வொன்றாக மாற்றித் தொகை வளரும். ஸ்கானர் வைத்துப் பார்த்துக் குறியீட்டைச் சொல்லும் மெக்கானிக்கிடம் முதலிற் போவதே சிக்கனம்.

ஓட்டோ கியருள்ள வண்டியில், அளவுகோலை எடுத்து எண்ணெயை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். செம்மை மாறிக் கறுத்துத் தீய்ந்த நாற்றம் வீசினால் இலட்சக் கணக்கு வாசலில் நிற்கிறதென்று அறியலாம். அக்சியோவிலுள்ள சி.வி.ரி. கியருக்கு அதற்கென்றே குறிக்கப்பட்ட எண்ணெய் மாத்திரம் ஆகும். சாதாரண ஓட்டோ எண்ணெயை ஊற்றிவிட்ட வண்டிகள் மேட்டில் ஏறும்போது அதிர்ந்து காட்டிக்கொடுக்கும். ஹைபிரிட் கார்களைப் பற்றி ஒரு வார்த்தை: பெரிய பற்றரி குளிர்வதற்குப் பயணிகள் அமரும் பகுதியிலிருந்தே காற்றை இழுக்கிறது; அந்தத் துவாரம் தூசியால் அடைபட்ட வண்டியில் பற்றரியின் ஆயுள் குறையும். பற்றரி இலட்சங்களில் நிற்கும் பொருள். ஹொண்டா கிரேஸின் இரட்டைக் கிளச் கியரைப் பழுது பார்க்கும் அநுபவசாலிகள் எளிதில் அகப்படுவதில்லையாதலால், திருகோணமலையில் இருந்துகொண்டு அதை வாங்குவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

ஏசியின் கொண்டென்சர் காரின் முகத்திலேயே அமர்ந்து கடற்காற்றை நேரே வாங்குவது. அதன் மெல்லிய அலுமினிய இதழ்கள் விரலால் தொட்டவுடன் பொடியானால், இன்றைக்குக் குளிர் நன்றாக இருந்தாலும் அடுத்த வெயிலுக்குள் பத்தாயிரக் கணக்கில் ஒரு செலவு நிச்சயம். உள்ளேயிருக்கும் கூலிங் கொயில் ஒழுகினால் பாகத்தின் விலையோடு டாஷ்போர்ட்டைக் கழற்றிப் பூட்டும் கூலியும் சேரும். மின்சாரக் குறைகள் பயமுறுத்துமளவுக்குச் செலவு வைப்பதில்லை. விளக்கு மங்குவதும், எச்சரிக்கை விளக்குகள் தாறுமாறாக எரிவதும், உடலோடு பூட்டியிருக்கும் எர்த் வயரின் முனை உப்புப் பூத்திருப்பதால் உண்டாவது அதிகம். சுரண்டிச் சுத்தம் செய்து கிரீஸ் பூசினால் தீரும். முன்சில்லுகளின் புஷ், பந்து மூட்டு, லிங்க் ரொட் ஆகியவை ஆயிரங்களில் மாறும். ஷொக் அப்சோபர்கள் பத்தாயிரங்களில்.

வெள்ளத்தில் நின்ற கார் வேறு விஷயம். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டின் பல பகுதிகளை நீரில் ஆழ்த்தியபோதும் பல வண்டிகள் மூழ்கின. மூழ்கிய கார் சுத்தம் செய்யப்பட்டு, அதன் கதை தெரியாத வேறு மாவட்டத்துக்கு விற்பனைக்கு வருவது இயற்கை. ஆசனப் பட்டியை முடிவுவரை இழுத்துப் பாருங்கள். சுருளின் உள்ளே சேற்றின் கோடு அழியாமல் நிற்கும். ஆசனங்கள் நகரும் தண்டவாளத்தின் துரு, விரிப்பின் அடியிலுள்ள பஞ்சின் நாற்றம், டாஷ்போர்ட்டின் உட்புற ஆணிகளின் நிறம் ஆகியவையும் சாட்சி சொல்லும். எயர்பேக்கை இயக்கும் பெட்டி பெரும்பாலான கார்களில் நடுத்தரையில், கியர்க் கம்பியை ஒட்டி இருக்கிறது. நீர் ஆசனத்தின் அடிவரை ஏறியிருந்தால் அது நனைந்திருக்கும். விபத்தில் எயர்பேக் விரியுமோ விரியாதோ என்று எவராலும் உறுதி கூற முடியாது. இவ்வகை வண்டிகளை விலக்குங்கள். கந்தளாய், ஹபரணை வழியாகச் செல்லும் ஏ6 வீதியில் இரவில் மாட்டையோ வேறு விலங்கையோ மோதி முகம் திருத்தப்பட்ட கார்களை, திருத்தம் நேர்மையாக ஒப்புக்கொள்ளப்பட்டு, முன்சட்டம் நேராகவும் இருந்தால், விலை குறைத்து வாங்கலாம்.

பாகங்கள் வாங்குவதற்குக் கொழும்புப் பஞ்சிகாவத்தைக் கடைகளே இன்றைக்கும் பிரதான ஸ்தலம். ஏறத்தாழ 260 கிலோமீற்றர் தூரம் அதற்காக ஓடுவதிலும், பாக இலக்கத்தைத் துல்லியமாக எழுதி அனுப்பிப் பஸ்ஸில் பார்சலாகப் பெறுவது லாபம். பாவித்த பாகத்தை எஞ்சினுக்கும் கியருக்கும் கண்ணாடிக்கும் கதவுக்கும் வாங்கலாம். பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் புதியதே வாங்க வேண்டும், இதில் சிக்கனம் பார்ப்பது பாவம்.

வாங்கியபின் செய்ய வேண்டியது இவ்வளவே: கடற்கரைக்குப் போய்வந்த அன்றே நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவுங்கள், உவர்க் கிணற்று நீரைக் காருக்குக் காட்டாதீர்கள், கச்சான் தொடங்குமுன் கீழ்ச்சட்டத்தின் உள்ளே மெழுகெண்ணெய் செலுத்துங்கள். வாங்குவதற்கு ஒதுக்கிய பணத்தில் பத்தில் ஒரு பங்கை முதலாண்டுத் திருத்தத்துக்கென்று வைத்துக்கொண்டு மீதிக்குள் விலைபேசுங்கள். எவ்வளவு அழகான காரானாலும், ஹொயிஸ்டில் ஏற்றிப் பார்ப்பதற்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் முற்பணமாக ஒரு ரூபாயும் கொடாமல் வந்துவிடுங்கள்.